வெறுங்கூட்டைத் துப்பாத துப்பாக்கி

துப்பாக்கி முனையிலேயே தினமும் திட்டு வாங்குகிறவன் துப்பாக்கி ரிப்பேர்காரன் ஒருவன்தான். கடிகாரம், தையல் மெஷின், கிராமபோன் என்று எதையாவது கழற்றி மாட்டி வயிறு கழுவிய சகபாவிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த சமயம். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பட்டறை. உப்பளத்து அண்ணாச்சி ஒருவர், கப்பலேறிய துரையிடமிருந்து சின்னத் தோட்டா ரைபிள் ஒன்றை வாங்கினார். விசையை இழுத்தால் சுட்டு, சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டைத் தானே வெளியே துப்பி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். அது துப்ப மறுத்து என் பட்டறைக்கு வந்தது. அண்ணாச்சியோ அதற்குள் ஒரு தோணி முதலாளியிடம் சவால் விட்டுவிட்டார். தருவைகுளம் கடற்கரையில் பத்து பாட்டிலை நிறுத்தாமல் சுட வேண்டும். நடுவில் சிக்கினால் ரைபிள் தோணி முதலாளிக்கு.

எண்ணெய்

ரைபிளைத் திறந்ததுதான் தாமதம், மீன் மார்க்கெட் பூனைகள் மொத்தமும் என் பட்டறை வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. உள்ளே முழுக்கச் சுறா எண்ணெய். தோணிப் பலகைக்குப் பூசுவதை அண்ணாச்சி தாராளமாக ஊற்றியிருந்தார். அது பிசினாகக் காய்ந்து, சுட்டதும் பின்னால் நகர வேண்டிய போல்ட் என்கிற இரும்புத் தண்டு நகராமல் ஒட்டிக் கிடந்தது. போல்ட் நகராவிட்டால் கூடு எப்படி வெளியே வரும்?

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். பூனைகளை விரட்டுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். அண்ணாச்சி முகம் சுளித்தார்.

“காலங்காலமா தோணிக்குப் போடுதோம். ஒரு தோணியாவது குறை சொல்லிச்சா?”

குட்டைத் தோட்டா

நாலு நாளில் திரும்பி வந்தார். கூடு பாதி வெளியே வந்து, கதவிடுக்கில் அகப்பட்ட பல்லி மாதிரி நின்றது. தோட்டா தட்டுப்பாடான காலம். யாரோ தள்ளிவிட்ட குட்டைத் தோட்டாவை வாங்கி நிரப்பியிருக்கிறார். அதில் வெடிமருந்து கம்மி. போல்ட்டை முழுசாகப் பின்னால் தள்ளும் உதை அதில் கிடையாது. இதை நான் கரியால் தரையில் படம் போட்டு விளக்கினேன். அண்ணாச்சி படத்தை மிதித்துக்கொண்டே கேட்டார்.

“ஏலே, துப்பாக்கியே நோஞ்சானா இருக்கு. அதுக்கு எதுக்குலே முழுத் தோட்டா?”

கொக்கி

முழுத் தோட்டா வாங்கினார். இப்போது கூடு குழலை விட்டே அசையவில்லை. கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்கச் சின்னக் கொக்கி ஒன்று உண்டு. அதன் பல்லை யாரோ அரத்தால் வழவழவென்று ராவியிருந்தார்கள். விசாரித்தால் அண்ணாச்சியின் கணக்கப்பிள்ளை. ஆள் மகா சுத்தக்காரர். தராசுப் படிக்கல்லைக்கூடத் தேய்த்துத் தேய்த்தே இளைக்க வைத்தவர். என் அரம் ஒன்றை உடைத்துப் புதுக் கொக்கி செய்தேன். அவருக்கு அதில் வருத்தம்.

“பழசு பித்தளைக் கூட்டக் கீறிட்டே இருந்திச்சு. நான்தான் அத மரியாதையா இருக்கப் பழக்குனேன்.”

பந்தயம்

கடற்கரையில் கூட்டம். அண்ணாச்சி சுட்டார். கூடு துள்ளி மணலில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ஒரு கூடு பறந்துபோய்க் கடற்காக்கை ஒன்றின் மண்டையில் பட்டு, அது வேம்பார் திசைக்குக் குடிமாறிப் போனதை நானே பார்த்தேன். ஏழு பாட்டில் நொறுங்கியது. தோணி முதலாளி முகம் வெளிறிப் போனார்.

ஏழு கூடும் மணலில் புதைவதை அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. பித்தளை கிடைக்காத காலமாச்சே! சுடுவதை விடாமலே கண்ணைக் காட்டினார். கணக்கப்பிள்ளை ஓடிவந்து, துண்டை விரித்துத் துப்பாக்கியின் விலாவை ஒட்டிப் பிடித்தார். எட்டாவது கூடு துண்டில் மோதித் திரும்பி வந்து, மூடுகிற போல்ட்டின் வாயில் குறுக்கே விழுந்து சிக்கியது. அவ்வளவுதான். தோணி முதலாளி சிரிக்கக்கூட இல்லை, இரண்டு கையையும் நீட்டி ரைபிளை வாங்கிக்கொண்டார்.

அண்ணாச்சி கணக்கப்பிள்ளையைத் தாண்டி நடந்தார். நேரே என்னிடம் வந்தார்.

“கூடு பக்கத்துல விழுந்திருந்தா நான் ஏன் துண்டப் பிடிக்கச் சொல்லுதேன்? ஒன்ன யாருலே இவ்வளவு தூரத்துக்குத் துப்ப வைக்கச் சொன்னது?”

ரிப்பேர்காரன் தொழிலில் மெஷினைச் சரிசெய்துவிடலாம், பாவிகளே, சரியாக ஓடும் மெஷினைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் முதலாளியைச் செய்ய இன்னும் எந்தப் பட்டறையிலும் அச்சு வரவில்லை.