பிரேக் ஒயரை அறுத்தது யார்?

இன்று மகளோடு அந்த பைக் ரேஸ் படத்துக்குக் காலைக் காட்சி போய்விட்டு வெளியே வந்தேன்.

தியேட்டர் வாசலில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அடுத்த காட்சிக்கு நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பையன், தானே ஹீரோ என்ற நினைப்பில் பைக்கை முறுக்கி அதற்குள் விட்டான். என் வெள்ளைச் சுடிதார் முழுக்கச் சேறு.

"ஆன்ட்டி, ஓரமா நிக்கத் தெரியாதுங்களா?" என்றான். சிரிப்பு வேறு.

கோயம்புத்தூர்க்காரிக்குக் கொலைவெறி வந்தாலும் வாயை விட்டு ‘ங்க’ போகாது. பக்கத்தில் போனேன்.

"ஏனுங்க கண்ணு, படத்துக்குங்களா?"

"ஆமாங்க."

"கடைசி ரேஸ்ல ஹீரோவோட பிரேக் ஒயரை அறுக்கறது யாருன்னு தெரியுமுங்களா?"

தெரியாது என்றான். சொல்லிவிட்டேன். ஏன் அறுத்தான் என்பதையும் சேர்த்து.

அவன் முகம் காற்றுப் போன ட்யூப் மாதிரி ஆகிவிட்டது. நண்பன்தான் அலறினான்: "அக்கா, ஏனுங்க்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க!"

ஒரே நிமிடத்தில் ஆன்ட்டி அக்காவாகிவிட்டேன்.

அறுத்தவன் பெயரை இங்கே எழுதமாட்டேன். கமென்ட்டில் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இன்பாக்ஸில் வரும்.