நீலச் சீட்டு மீன்

என் அக்காவுக்கு நாக்கு நீளம். பேச்சில் இல்லை. பேச்சில் நீளமானது என் நாக்கு, அதைத் தெருவே சொல்லும். அக்காவுடையது சாப்பாட்டு விஷயத்தில் நீளம். யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது, எந்த நாட்டுக்காரன் எதை எதோடு தொட்டுக்கொள்கிறான், அதில் ஒரு வாய் நமக்குக் கிடைக்குமா என்று சின்ன வயதிலிருந்தே அலைகிறவள். நான் அப்படியே நேர் எதிர். சோறு, குழம்பு, ஒரு பொரியல் இருந்தால் போதும், மற்றதைக் கண்டால் எனக்குக் குமட்டும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிற பெரிய சமையல்கூடம். வெந்ததை உடனே குளிரவைத்து, பல் கிட்டிப்போகிற ஒரு குளிர் அறையில் நீள மேசை போட்டு, இரண்டு பக்கமும் பெண்கள் நின்று சின்னச் சின்ன அலுமினியப் பெட்டிகளில் வைப்பார்கள். ஒருத்தி சோறு, ஒருத்தி காய், ஒருத்தி மீன். அக்கா சாஸ். எதிர்ச் சுவரில் படம் ஒட்டியிருக்கும். படத்தில் சாஸ் எங்கே எவ்வளவு இருக்கிறதோ, அங்கே அவ்வளவுதான் ஊற்ற வேண்டும். கூடத்தில் அவளுக்குப் பெயரே 'சாஸக்கா'தான். பிறகு மூடி போட்டு, கோழிக்குச் சிவப்புச் சீட்டு, காய்கறிக்குப் பச்சை, மீனுக்கு நீலம் என்று ஒட்டி ஏற்றி அனுப்புவார்கள். சூடு பண்ணுவதெல்லாம் விமானத்துக்குள் போன பிறகுதான்.

வாயில் துணி, கையில் உறை. ஒரு பருக்கை வாயில் போடக் கூடாது, போட்டால் வேலை போய்விடும். ருசி பார்ப்பதற்கென்று மாடியில் தனியாக ஆட்கள் இருந்தார்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு, வெள்ளிக் கரண்டியோடு. மிஞ்சியதை எடை போட்டு இயந்திரத்தில் அரைத்துக் கொட்டிவிடுவார்கள். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

"நீ மட்டும் ஏன்க்கா இப்படி இருக்கே? மத்தவளுங்க எல்லாம் குனிஞ்சு ஒரு வாய் போட்டுக்கறாளுங்கன்னு நீதானே சொன்னே?" என்று ஒரு முறை கேட்டேன்.

"திருட்டுத்தனமா தின்னா நாக்குல பயம்தான்டி நிக்கும், ருசி எங்க நிக்கும்?" என்றாள்.

 

கூடத்தில் அடக்கி வைத்ததற்கெல்லாம் வெளியே வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்வாள். சம்பளம் வந்த வாரத்தில் என் தையல் கடை வாசலில் வந்து நின்று, "எழுந்திருடி, புதுசா ஒரு கடை பார்த்து வச்சிருக்கேன்" என்பாள். அத்தானைக் கூப்பிட மாட்டாள். அவர் வீட்டுச் சோற்றைத் தவிர வேறு எதையும் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ளாத மனிதர். ஆகவே மாட்டிக்கொள்கிறவள் நான். சோற்று உருண்டை மேல் பச்சை மீனை வைத்துத் தருகிற கடை, இரண்டு குச்சியால் நூடுல்ஸ் தின்கிற கடை, முட்டைக்கோஸைப் புளிக்கவைத்து மிளகாயில் புரட்டுகிற கடை, பூஞ்சை பிடித்த சீஸைப் பெருமையோடு அறுத்து வைக்கிற கடை என்று எங்கேயும் பாக்கி வைக்கவில்லை.

"அக்கா, இது கெட்டுப்போச்சு. நீலமா பூத்திருக்கு பாரு."

"அதான்டி அதோட அழகே. கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாய் போடேன்."

"நான் கண்ணை மூடணும்னா வேற வழியே இல்லையா?"

கடையில் இருக்கிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வாயையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துச் சாப்பிடுவாள். சமைத்தவரைக் கூப்பிட்டு இதில் என்ன போட்டீர்கள், இதை உங்கள் ஊரில் காலையில் சாப்பிடுவீர்களா, ராத்திரியா, குழந்தைகளுக்கும் கொடுப்பீர்களா என்று குடைவாள். மொழி தெரியாவிட்டாலும் கையாலேயே பேசிவிடுவாள். அவர்களும் முகம் மலர்ந்து உள்ளே போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைப்பார்கள். நான் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் சொல்கிறேன், அக்கா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும்.

இத்தனை தின்றும் அவளுக்கு ஆறாத ஆசை ஒன்று இருந்தது. நீலச் சீட்டு மீன்.

தடித்த வெள்ளை மீன் துண்டு, பக்கத்தில் நசுக்கிய உருளைக்கிழங்கு, மேலே மஞ்சள் சாஸ். யாரோ ஒரு வெளிநாட்டுச் சமையற்காரர் கூடத்துக்கு வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது. பயணிகளுக்குப் பிடித்துப்போனதால் மற்றதெல்லாம் மாறியும் அது மட்டும் வருடக்கணக்கில் மாறவில்லை. அத்தனை வருடமும் அந்த மஞ்சள் சாஸை ஊற்றியது என் அக்காவின் கை. அவள் பார்த்ததெல்லாம் குளிர்ந்து, கெட்டியாகி, கரண்டியிலிருந்து வழுக்கி விழுகிற சாஸ். அது உருகி, மீனில் இறங்கி, ஆவி பறக்க எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. பல கடைகளில் விவரித்துக் கேட்டுப் பார்த்தாள். சிலர் ஏதோ ஒரு மஞ்சளைச் செய்துகொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்து, "இது இல்லடி" என்பாள். அப்போது அவள் முகம் வாடுவதைப் பார்த்தால் எனக்குச் சமையற்காரன் மேல்தான் கோபம் வரும்.

"விமானத்துல உட்காரணும். ஒருத்தி வந்து என் முன்னாடி வைக்கணும். நான் மூடியைத் திறக்கணும். சுடச்சுட சாப்பிடணும். அவ்வளவுதான்டி" என்பாள்.

அவ்வளவுதானாம்! விமானத்தில் போவதற்கு நாங்கள் என்ன ராஜா வீட்டுப் பிள்ளைகளா?

முழங்கால் தேய்ந்து அக்கா வேலையை விட்ட வருடம், கூடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த மாதத்தோடு நீலச் சீட்டு மீனை நிறுத்திவிட்டு வேறு ஏதோ கொண்டுவரப்போகிறார்களாம். கூட வேலை பார்த்த பெண் தொலைபேசியில் சொன்னாள். அக்கா "அப்படியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தான் எனக்குப் போன் செய்து சொன்னார். அக்கா சாப்பிடவில்லை என்றால் அது சாதாரண விஷயமா?

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டில் இருக்கிற என் மகன், பேரனைப் பார்க்க வரும்படி என்னை நச்சரித்துக்கொண்டிருந்தான். "வரேன். ஆனா பெரியம்மாவும் என்கூட வருவா. இந்த மாசமே வருவோம். நான் சொல்ற விமானத்துலதான் வருவோம்" என்றேன். அவன் ஏன் என்று கேட்டான். பெற்றவளைக் கேள்வி கேட்காதே என்று சொல்லிவிட்டேன்.

இடம் போடும்போதுதான் அக்கா மூக்கை நுழைத்தாள். "கடைசி வரிசை போடச் சொல்லு."

"கடைசியா? கக்கூஸ் பக்கத்துலயா?"

"உனக்கென்னடி தெரியும்? நம்ம லாரி விமானத்தோட பின்கதவுலதான் போய் நிக்கும். சாப்பாட்டு வண்டி எல்லாம் பின்னாடிதான் ஏத்துவோம். அங்கேருந்துதான் கொடுக்க ஆரம்பிப்பாங்க. மீன் கம்மியாத்தான் ஏறும், கோழிதான் நிறைய. பின்னாடி உட்கார்ந்தாத்தான் முதல்ல நமக்குக் கிடைக்கும்."

வாழ்நாளெல்லாம் அந்த வண்டிகளை நிரப்பி அனுப்பியவள் சொல்கிறாள். கடைசி வரிசையே போட்டோம்.

பட்டப்பகலில் கிளம்பிய விமானம். அக்கா ஜன்னலோரம், நான் நடுவில், ஓரத்து இருக்கை காலி. மேகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஓவன் கதவு திறந்து மூடுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். வாசனை வந்தது. என் கையைப் பிடித்தாள். "இதான்டி. சூடாயிடுச்சு. இதுதான் அந்த வாசனை." 

திரை விலகி வண்டி வெளியே வந்தது. எங்களைக் கடந்து, நிற்காமல், கடகடவென்று முன்னால் போய்விட்டது. முதல் வரிசையில் நின்று அங்கிருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அக்கா வரிசை வரிசையாக வண்டி பின்னால் வருவதை எட்டி எட்டிப் பார்த்தாள். முன்னால் இருப்பவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று நானும் எழுந்து நின்று பார்த்தேன். மீன், மீன், கோழி, மீன். மற்ற பாவிகளுக்கும் கோழி பிடிக்கக் கூடாதா? நாலைந்து வரிசை தள்ளி ஒருவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவருக்கும் சேர்த்து ஒரு மீனை வாங்கி அவர் முன்னால் வைத்தாள்.

எங்களிடம் வந்தபோது பணிப்பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "மீன் தீர்ந்துடுச்சும்மா. கோழி தரட்டுமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னம்மா தீர்ந்துடுச்சு? இவங்க யார்னு தெரியுமா? இத்தனை வருஷமா அந்த மீனுக்குச் சாஸ் ஊத்தினதே இவங்க கைதான். அதுக்காகவே விமானம் ஏறி வந்திருக்காங்க. தீர்ந்துடுச்சாமே!"

"சும்மா இருடி" என்று அக்கா என் முழங்கையை இழுத்தாள். "அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? ஏத்தினதுதானே இருக்கும். கோழியே குடும்மா."

கோழியும் ஏதோ ஒரு நாட்டுச் சமையல்தான். வேறு நாளாக இருந்தால் அதில் என்ன இலை, என்ன விதை என்று ஆராய்ந்திருப்பாள். அன்றைக்கு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். "நான்தான்டி கடைசின்னு சொன்னேன். நானேதான் கெடுத்துக்கிட்டேன்" என்றாள்.  என்னாலும் சாப்பிட முடியவில்லை.

வெகுநேரம் கழித்துத் தட்டுகளை எடுக்க வந்தார்கள். விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது. தூங்கியவர் அப்போதுதான் எழுந்து, கையை ஆட்டி வேண்டாம் என்றார். அவர் பெட்டியை, மூடிகூடத் திறக்காமல், அந்தப் பணிப்பெண் எடுத்து வண்டியில் வைத்தாள். நீலச் சீட்டு எங்களை நோக்கி வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "கேட்காதே. திரும்பி வந்ததைக் கொடுக்கக் கூடாது. அதுதான் விதி. நானா இருந்தாலும் தரமாட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். அந்தப் பெண்ணும் பார்த்தாள். வண்டியைத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனவள், கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வருவது போல வந்து, குனிந்து, பெட்டியை அக்கா மடியில் வைத்தாள். "நான் எடுத்து வந்து தரேன்மா, நீங்க எடுக்கல. இது திருட்டு இல்ல. ஆனா ஓவனை அணைச்சாச்சு. இறங்கப் போறோம், மறுபடி போட முடியாது. ஆறிப்போச்சு, பரவாயில்லையா?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லம்மா" என்றாள். 

பரவாயில்லையாம்! ஆறின மீனையா இவள் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள்? அவள் மூடியில் கை வைப்பதற்குள் பெட்டியைப் பிடுங்கினேன். பிடுங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்து, சால்வைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

"என்னடி பண்றே?"

"சூடு பண்றேன்."

"லூசாடி நீ?"

"ஆமா. பேசாம இரு."

அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு, அந்தக் கடைகளில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாளே, அப்படிச் சிரித்தாள். நான் உள்ளங்கையை மூடிமேல் தேய்தேய் என்று தேய்த்தேன். அலுமினியம் கொஞ்சம் வெதுவெதுப்பாயிற்று, உள்ளே என்ன ஆயிற்றோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். இருக்கையை நிமிர்த்தச் சொல்லி அறிவிப்பு வந்தது. அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை, கொடுத்துவிட்டேன்.

அவள் சீட்டைக் கிழிக்காமல் மூடியைத் திறந்தாள். சாஸ் உறைந்து, கூடத்தில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. ஒரு துண்டைப் பிய்த்து, சாஸில் புரட்டி, வாயில் வைத்து, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வீடுகள் தெரிய ஆரம்பித்தன.

"எப்படிக்கா இருக்கு?"

அவள் இன்னொரு வாய் எடுத்து, மீன் பிடிக்காத என் வாயருகே நீட்டினாள். நானும் வாயைத் திறந்தேன்.

"சூடாத்தான்டி இருக்கு" என்றாள் அக்கா.

ஜில்லென்று இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.