செபஸ்தியன் நிறுத்திய ஜீப்

செய்தி காலை பத்தே காலுக்கு வந்தது. அது நல்ல செய்தி என்று தெரிவதற்கு மத்தியானம் ஒரு மணிக்கு மேலாகிவிட்டது.

சவரியம்மா அப்போது எல்கடுவைக்கு மேலே, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருந்தாள். கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுப்போன ஒன்பது பிள்ளைகளில் ஒன்று அவள் இடுப்பில், ஒன்று முந்தானையைப் பிடித்தபடி. ஃபோன் அடித்ததும் இடுப்புப் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டு எடுத்தாள்.

“தங்கச்சி, யாகூப் பேசறேன். ஜீப்புட கியர் பொக்ஸ இப்பதான் தொறந்தேன்.”

“சொல்லுங்க நானா.”

“ஃபோன்ல சொன்னா வெளங்காது. கண்ணால பாக்கணும். இன்டைக்கே வரேலுமா?”

“என்னா நானா, பெரிசா ஒடஞ்சிருக்கா?”

“வாங்களே. மூடாம அப்படியே வச்சிருக்கிறேன்.”

பலாபத்வலையில் ரோட்டோரம் கராஜ் வைத்திருக்கும் யாகூப், ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை சொல்லும் மனிதர். அவரே வாயை மூடிக்கொண்டால் விஷயம் சின்னதாக இருக்காது. கியர் பெட்டியைத் திறந்ததில் தெரிந்துவிட்டதா? இரண்டரை வருடமாக அவள் ஒருத்தருக்கும் சொல்லாதது, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாமல் விழுங்கியது, இரும்புக்குள் எங்கேயாவது பதிந்து கிடந்ததா?

கூட வேலை செய்யும் நிஷாந்தியிடம் பிள்ளைகளை ஒப்படைத்தாள்.

“என்னாக்கா, மொகமே சரியில்ல?”

“ஜீப்பப் பாக்கப் போறேன்.”

“அந்தப் பழைய தகரத்தையா? அதுக்கு ஏன் இந்த மொகம்?”

சவரியம்மா பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்தப் பழைய தகரம்தான் அவள் புருஷன் செபஸ்தியனின் பாதி ஆயுசு. பதினாறு வயதில் மரக்கறி லொறியில் கிளீனராக ஏறியவர், முப்பது வயதில் யாரோ கழித்துக் கட்டிய நாலு சக்கர இழுவை ஜீப் ஒன்றை வாங்கினார். தோட்டத்து மேல் டிவிஷனுக்கு பஸ் போகாது. ஆட்டோ பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். செபஸ்தியனின் ஜீப்தான் போகும். பிள்ளைத்தாச்சிகளையும், அரிசி மூடைகளையும், சவப்பெட்டிகளையும், காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அது இருபத்தியிரண்டு வருடம் ஏற்றி இறக்கியது.

அதற்கு இல்லாத வியாதி இல்லை. இறக்கத்தில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று விழும். செபஸ்தியன் இடது முழங்காலால் அண்டை கொடுத்துக்கொண்டே இறக்குவார். முதல் கியர் போடும்போது பன்றி கத்துகிற மாதிரி கத்தும். கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஒரு உறுமல் கொடுத்து, சத்தமில்லாமல் போடுவார். பின்பக்கத்து சீல் கசிந்து எண்ணெய் ஹேண்ட் பிரேக் ட்ரம்முக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. “எண்ணெய் குடிச்ச பிரேக்கும் கசிப்புக் குடிச்ச வாச்சரும் ஒன்னுதான். நிக்கிற மாதிரி இருக்கும், நிக்காது” என்பார். அதனால் எங்கே நிறுத்தினாலும் முதல் கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்பார்.

அந்த ஜீப்பில் கியர்க் கம்பி இரண்டு. பெரியது எல்லா வண்டியிலும் இருப்பது. பக்கத்தில் குட்டையாக இன்னொன்று. ரோட்டில் ஓட ஒரு பக்கம், செங்குத்தில் ஏற மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டால் பெரிய கியர் எதில் இருந்தாலும் ஒன்றுதான், சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இருக்காது. கல்யாணமான புதிதில் செபஸ்தியன் இதை அவளுக்கு விளங்கப்படுத்தினார்.

“பெரிய கியர் புருசன், குட்டி கியர் பொஞ்சாதி. அவ நடுவுல நின்னுட்டா இவன் எவ்வளவு கத்துனாலும் வண்டி நகராது.”

“அப்போ பொஞ்சாதிகிட்ட மரியாதையா இருங்க” என்றாள் சவரியம்மா.

சொன்னவள் அந்தப் பொஞ்சாதியின் தலையில்தான் எப்போதும் தன் பையை மாட்டுவாள். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். கீழே வைத்தால் எண்ணெய் ஒட்டும். குட்டி கியரின் உருண்டைத் தலை பை மாட்டவென்றே செய்த மாதிரி இருந்தது. “அது கோட்டு ஸ்டாண்டு இல்லம்மா” என்று செபஸ்தியன் முதல் வருடம் சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

இரண்டரை வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை. மாத்தளையில் சாமான் வாங்கிக்கொண்டு வரும் வழியில் எல்கடுவைக் கடைத்தெருவில், ஜீப்பை அதன் மூக்கு மேட்டுப் பக்கம் பார்த்திருக்கும்படி நிறுத்தினார். கியரில் போட்டார், கல் வைத்தார், பிளேன்டீ குடிக்கப் போனார். சவரியம்மா மூன்று தேங்காயும் சீனியும் பருப்பும் இருந்த பையை மடியிலிருந்து எடுத்துக் குட்டி கியரில் மாட்டிவிட்டு, மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றப் போனாள்.

மெழுகுதிரியில் நெருப்புப் பிடிப்பதற்குள் சத்தம் கேட்டது. ஜீப் கல்லையும் தள்ளிக்கொண்டு பின்னாலேயே இறங்கி, ரோட்டை வெட்டி, கிறிஸ்டியனின் சலூனுக்குள் போய் நின்றது. பாதி முகம் சவர நுரையோடு ஒரு ஆள் ஜன்னல் வழியே குதித்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி இரண்டும், சுழல் நாற்காலி ஒன்றும்தான் போயின. ஆனால் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற ஜீப். கிழமை நாளாக இருந்திருந்தால், உள்ளே பதினாலு பிள்ளைகள் இருந்திருந்தால் என்று ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள்.

ஜீப்பை முதலில் போய்ச் சேர்ந்தது சவரியம்மாதான். பை குட்டி கியரில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி முந்தானைக்குள் மறைத்தாள். ஏன் மறைத்தாள் என்று யோசிக்க நேரமிருக்கவில்லை. கை தானாகச் செய்தது. அதற்குள் செபஸ்தியன் ஓடி வந்து, ஜீப்புக்குள் ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். கூடிய சனத்தைப் பார்த்துச் சொன்னார்:

“எம்மேலதான் தப்பு. நியூட்ரல்ல விட்டுட்டு எறங்கிட்டேன்.”

அன்றோடு அவர் பெயர் ‘நியூட்ரல்’ ஆயிற்று. வைத்தது கிறிஸ்டியன். சலூன் வாசலைத் தாண்டிப் போனால், “ஆ, நியூட்ரல் மச்சான், கல்லு வச்சிட்டீங்களா?” என்பான். கேட்டவர்கள் சிரித்தார்கள். செபஸ்தியனும் சிரித்தார். பிள்ளைகளின் பெற்றோர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்ற வேறு வான் பேசிக்கொண்டார்கள். டிரைவரே தப்பை ஒப்புக்கொண்ட பிறகு வண்டியில் யார் குறை தேடுவார்கள்? ஜீப்பை ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்து லயத்து வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். சாவி அலுமாரிக்கு மேலே போனது. செபஸ்தியன் அதற்குப் பிறகு எந்த வாகனத்தின் சுக்கானையும் தொடவில்லை. போன வருடம் நவம்பரில் ஒரு விடியற்காலை, படுத்த படுக்கையிலேயே மார்பு அடைத்துப் போய்ச் சேர்ந்தார்.

சொல்லியிருக்கலாம். எத்தனை இரவு பக்கத்தில் படுத்துக்கொண்டு, இப்போது சொல்வோம், இப்போது சொல்வோம் என்று வாயைத் திறந்தாள். “நீங்க கியர்லதாங்க விட்டீங்க. நான்தான் பைய மாட்டி இழுத்துட்டேன்.” இவ்வளவுதான். சொல்லவில்லை. அவர் தன் தப்பு என்று நம்பியே செத்துப்போனார் என்பதுதான் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

போன மாதம் யாகூப் நானா வந்து, “நிக்க விட்டா துருவாப் போகும், நான் கொண்டு போய் ஓட வச்சுத் தாரேன்” என்றபோது அவளுக்கு மனமில்லை. மறுக்கவும் காரணம் கிடைக்கவில்லை.

கராஜில் கியர் பொக்ஸ் ஒரு மேசைமேல் வயிறு திறந்து கிடந்தது. யாகூப் பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளுக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளினார். அவள் உட்காரவில்லை.

“இதப் பாருங்க.” இரண்டு விரலை நீட்டிய மாதிரி ஒரு இரும்பை எடுத்துக் காட்டினார். அடியோடு உடைந்திருந்தது. “இதுக்குப் பேரு ஃபோர்க். குட்டி கியரத் தள்ளினா, அந்தத் தண்டு இதத் தள்ளும், இது கியர்ச் சில்லப் புடிச்சித் தள்ளும். ஒடஞ்ச எடத்தப் பாருங்க. என்ன நெறம் ஈக்கி?”

“பாதிக்கு மேல கறுப்பா இருக்கு. ஓரத்துல வெள்ளையா.”

“கறுப்பு, பழைய வெடிப்பு. எண்ணெய் ஊறி ஊறி வருசக்கணக்கு. வெள்ளையா பளிச்சின்னு ஈக்கிறது மட்டும்தான் அன்டைக்கு ஒடஞ்சது. வண்டிப் பாரம் பின்னால இழுத்திச்சி, மிச்சம் ஈந்தது விட்டுப் போச்சி. சில்லு கழண்டு நடுவுக்கு வந்திச்சி. தண்டு? தண்டு அசையவே இல்ல. ரோட்டு கியர்ல, அதுட குழிக்குள்ள, அசையாமப் புடிக்கிற இரும்புக் குண்டு உக்காந்தபடி ஈந்தது. நான் தொறக்கக்குள்ள அப்படித்தான் ஈந்தது. செபஸ்தியன் கியர்லதான் விட்டிருக்கிறான்.”

சவரியம்மாவுக்குப் பாதிதான் காதில் ஏறியது. “தண்டு அசையலன்னா...”

“இழுங்களே.” குட்டி கியரின் கம்பியைத் தண்டில் மாட்டி அவள் கையில் கொடுத்தார். ஒரு கையால் இழுத்தாள், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை மேசைக்கு முட்டுக்கொடுத்து இழுத்தபோதுதான் ‘டக்’கென்று விலகியது. யாகூப் அதைத் திரும்பவும் பழைய இடத்தில் போட்டார். ஒரு பழைய ஸ்டார்டர் மோட்டரைக் கயிற்றில் கட்டி, கம்பியின் தலையில் தொங்கவிட்டார். மோட்டர் ஆடியது. கம்பி நின்ற இடத்திலேயே நின்றது.

“பாத்தீங்களா. உங்கட பையவிட இது ரெண்டு மடங்கு பாரம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எந்தப் பை?”

யாகூப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அவனுக்குத் தெரியும் தங்கச்சி. அன்டைக்கு நீங்க பைய மறைச்சத அவன் கண்டிருக்கிறான். மருந்தெடுக்கக் கிளினிக்குக்கு வாற நேரமெல்லாம் இந்த ஸ்டூல்லதான் உக்காருவான். ‘யாகூப், நான் கியர்லதான் விட்டேன். அவ பை மாட்டி இழுபட்டிருக்கு. நான் கியர்லன்னு சொன்னா, அப்போ யாரு தொட்டதுன்னு கேப்பானுக. அவ தாங்க மாட்டா. அதனாலதான் நியூட்ரல்னு சொல்லிட்டேன்’ன்னு சொன்னான். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். மவுத்தானவன்ட அமானிதம், நம்பிச் சொல்லி வச்சது, நான் எப்படிச் சொல்றது? இப்ப அவன் நெனச்சதே பிழைன்னு இரும்பே சொல்லுது. இனிச் சொன்னா குத்தமில்ல.”

சவரியம்மா இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“பாவி மனுசன்” என்றாள். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். யாகூப் கராஜ் பையனை அனுப்பிப் பிளேன்டீ எடுப்பித்தார். இரண்டு பேரில் யாராவது வாயைத் திறந்திருந்தால், மறுவாரமே இந்தப் பெட்டியைத் திறந்திருப்பார்கள். மனிதன் சாகிற வரைக்கும் ஓட்டியிருப்பார். அந்த நினைப்பு வந்தது, குத்தியது. ஆனால் அதையும் மீறி உடம்பு முழுவதும் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. அவர் தன் தப்பு என்று நம்பிச் சாகவில்லை. அவள் தப்பும் இல்லை. பிளேன்டீயைச் சீனியோடு கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

“நானா, அந்த ஒடஞ்ச இரும்பு எனக்கு வேணும்.”

“எடுத்துக்கிட்டுப் போங்க. புதுசு போட்டாச்சின்னா அது வெறும் பழைய இரும்புதான்.”

எல்கடுவையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சலூனுக்குள் போனாள். பெண்கள் போகாத இடம். நாற்காலியில் ஒருத்தர், பெஞ்சில் இரண்டு பேர். கிறிஸ்டியன் கத்திரியோடு திரும்பினான்.

“வாங்க மச்சாள். என்னா, முடி வெட்டவா?”

அவள் கைக்குட்டையைப் பிரித்து இரும்பைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். கறுப்பு எது, வெள்ளை எது, தண்டு எங்கே நின்றது என்று யாகூப் சொன்னபடியே சொன்னாள். பையைப் பற்றியும் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து இரும்பைத் தடவிப் பார்த்தார்கள்.

கிறிஸ்டியன் கத்திரியைக் கீழே வைத்தான். “அப்போ மச்சான் கியர்லதான் விட்டிருக்காரு.”

“கியர்லதான்.”

“நான் அவர் சாகிற வரைக்கும்...” இரும்பை ஒரு தரம் தொட்டான். “இப்போ நான் என்னா செய்யணும், சொல்லுங்க.”

“அந்தப் பேர இந்தக் கடையிலதானே வச்ச? இங்கயிருந்தே எடு. ஒரு நாளைக்கு எத்தனை தலை வெட்டுற?”

“பத்துப் பன்னெண்டு.”

“ஒவ்வொரு தலைக்கும் சொல்லு. இரும்பு இங்கயே இருக்கட்டும்.”

“மொட்டைக்கு ரெண்டு தரம் சொல்றேன் மச்சாள்” என்றான். இரண்டு கண்ணும் நிறைந்திருந்தன.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் கிறிஸ்டியன் தானாகவே வந்தான். சலூன் பலகையைத் தன் கையால் எழுதியவன். பெயின்ட் டப்பாவும் மெல்லிய பிரஷும் கொண்டு வந்திருந்தான். சவரியம்மா அடக்கத்துக்குப் பிறகு அன்றுதான் கல்லறைக்குப் போனாள். புல்லைப் பிடுங்கி, சீமெந்துச் சிலுவையைக் கழுவி, வெள்ளை அடித்தாள். காய்ந்ததும் கிறிஸ்டியன் கறுப்பில் எழுதினான்: அ. செபஸ்தியன். அதற்குக் கீழே, அவள் கேட்டபடி, சாரதி. பிறந்த திகதியையும் எழுதினான். இறந்த திகதியில் நாளின் எண்ணை எழுதி மாதத்தைத் தொடங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மாதமும் வருடமும் இன்னும் எழுதவில்லை.