மெர்வின் ஸ்லோக்கமும் அவருடைய முட்டையும்

நாற்காலியின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெர்வின் ஸ்லோக்கம் உட்காருவார். ஆடினால் பக்கத்து இருக்கையோடு மாற்றிக்கொள்வார். யார் பார்த்தாலும் கூச்சமில்லை. பதினொரு மணி போக்கர் போட்டிக்குப் பத்தரைக்கே ஆஜர். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. சட்டைப்பையில் காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஓர் அவித்த முட்டை. லாஸ் வேகஸ் வெயிலில் வரும் வழியிலேயே வெந்துவிடுமே என்று சீண்டினால், “வீட்ல வெந்தாத்தான் எனக்கு நம்பிக்கை” என்பார்.

முட்டை அவருக்குச் சாப்பாடு மட்டுமல்ல, தொழில் கருவியும்கூட. மேசையில் தன் இரண்டு சீட்டுகளின்மேல் எதையாவது வைத்துக்கொள்வது ஆட்டக்காரர்களின் வழக்கம். வெறுமனே கிடக்கும் சீட்டை, விலகியவருடையது என்று நினைத்து, சீட்டுப் போடுகிறவர் வாரிக்கொண்டு போய்விடக்கூடும். கழித்த குவியலில் கலந்துவிட்டால் கடவுளே வந்து கேட்டாலும் கிடைக்காது. மற்றவர்கள் வெள்ளி நாணயம் வைப்பார்கள், யானை பொம்மை வைப்பார்கள். மெர்வின் முட்டை வைப்பார். உருளாமலிருக்க அதன் அடியை மேசை விளிம்பில் தட்டித் தட்டையாக்கிக்கொள்வார். ஐந்து மணி இடைவேளையில் அதை உரித்து, உப்புத் தொட்டுத் தின்றுவிடுவார்.

அவர் ஆட வரும் சூதாட்ட விடுதியில் பதினாறு வருடமாகச் சீட்டுப் போடுகிறவள் நான். அவர் ஆடுவதைப் பார்த்ததைவிட ஆடாமலிருப்பதைப் பார்த்ததுதான் அதிகம். பத்துக்கு ஒன்பது முறை சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிடுவார். சூதாடி என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் வரும். “நான் எங்க சூதாடறேன்? சும்மா உக்காந்துக்கிட்டில்ல இருக்கேன்?” என்று கேட்பார். அதுவும் உண்மைதான்.

போக்கருக்கு வருமுன் பள்ளிப் பேருந்து ஓட்டினார். எதற்கும் மாறாத அந்த முகத்தை அங்கேதான் பழக்கிக்கொண்டாராம். “முதுகுக்குப் பின்னாடி நாப்பது பிள்ளைங்க கத்தும்போது மூஞ்சி மாறாம ஓட்டினவன் நான். இவனுங்க எனக்கு எம்மாத்திரம்?” மனநல மருத்துவர் ஒருவர் மூன்று மணி நேரம் அந்த முகத்தையே படித்துப் பார்த்துவிட்டு, இருந்த பந்தய வில்லைகளையெல்லாம் அவரிடம் தோற்றுவிட்டுப் போனார்.

அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. மனைவி லொரேன், பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவர். ஒருநாள் அவரை அழைத்துப்போக வந்தபோது என்னிடம் சொன்னார். “பொய் சொன்னா அந்தாளுக்கு இடது காது செவந்துடும். இங்க எல்லாரும் கண்ணையே பாத்துக்கிட்டிருக்கானுங்க.” தொப்பி குளிருக்காக அல்ல என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த வருடம் ஐந்து மாதம் ஒரு பரிசும் இல்லை. லொரேன் கெடு வைத்தார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது பரிசு, இல்லையென்றால் திங்கள் காலை தன் தம்பி டுவைட்டின் மெத்தைக் கடையில் வேலை. மெர்வினுக்கு நிஜமாகவே பயம். “மெத்தை விக்கறவன் சிரிக்கணும், நடீன்” என்றார் என்னிடம்.

ஞாயிறு நாலரை மணிக்குப் பதிமூன்று பேர் மிச்சம். பரிசு பன்னிரண்டு பேருக்கு. இன்னும் ஒருவர் வெளியேற வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் இரண்டு மேசைகளிலும் ஒரே சமயத்தில்தான் சீட்டுப் போட வேண்டும். ஒரு மேசை முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். அடுத்த மேசையில் ஆளாளுக்கு அப்படி யோசித்தார்கள். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மெர்வினுக்குப் பதற்றத்தில் பசி எடுத்துவிட்டது. முட்டையை உரித்துத் தின்றுவிட்டார்.

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டேன். அவர் தன்னுடையதைப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு, விரலில் ஒட்டிய மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்காரர் விலகித் தன் சீட்டைத் தள்ளினார். நான் அதை வாரும்போது வெறுமனே கிடந்த மெர்வினுடையதையும் சேர்த்து வாரிவிட்டேன்.

“நடீன், என் சீட்டு” என்றார் மெதுவாக.

மேற்பார்வையாளர் வந்தார், விதியைச் சொன்னார், போனார். மெர்வினுக்கு அந்த ஆட்டம் இல்லை. ஒரு மனிதரை மெத்தைக் கடைக்கு அனுப்பிய பாவம் என்னைத்தானே சேரும்.

ஆட்டம் தொடர்ந்தது. முதுகெலும்பு வைத்தியர் ஒருவர் தன் வில்லைகள் அத்தனையையும் முன்னே தள்ளினார். எதிரே இருந்த அம்மாள் அதற்கு ஈடு வைத்துத் திறந்தார்: இரண்டு ஏஸ். வைத்தியர் எல்லாவற்றையும் தோற்று எழுந்து போனார். மிச்சம் பன்னிரண்டு பேர். மெர்வினுக்குப் பரிசு.

இடைவேளையில் என் காதருகே வந்து, “ரெண்டு ராஜா” என்றார். அது கையில் இருந்திருந்தால் இவரும் எல்லாவற்றையும் தள்ளியிருப்பார். இரண்டு ஏஸிடம் தோற்று, வைத்தியரோடு சேர்ந்தே வெளியே போயிருப்பார்; இவரிடம் வில்லை குறைவு என்பதால் அந்தக் கடைசிப் பரிசும் வைத்தியருக்குத்தான் போயிருக்கும். அந்தப் பக்கம் திரும்பியதும் அடுத்த மேசைக்காரர்கள் முதுகில் தட்டி, எப்படித் தப்பித்தாய் என்று கேட்டார்கள். “பொறுமைதான். நல்ல சீட்டையும் விடத் தெரியணும்” என்றார், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு. கிடைத்த பரிசில் ஒரு சுமாரான மெத்தை வாங்கலாம்.

வீட்டிலும் அதே பொறுமைக் கதையைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். திங்கள் காலை பத்தரைக்கு வந்தார். நாற்காலியின் நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து இன்றைக்கு இரண்டு பொட்டலம் எடுத்தார். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். மற்றதைப் பிரித்தால், ஓட்டின்மேல் லொரேனின் சிவப்பு நகப்பூச்சில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி: இதைத் தின்னக் கூடாது.

நான் இன்னும் சீட்டுக்கட்டைக் கலைக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. வெறும் பச்சை விரிப்பில் அந்த முட்டையை நிறுத்தி, குறி என் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தார்.