சோலாருக்குக் கட்டிய வேப்பிலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாரி மழை ஓய்ந்த ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் எனக்கு ஒரு வாடி இருக்கிறது. கிடுகுக் கூரை போட்ட சின்னக் குடிசைதான். இறால் படுகிற காலத்தில் வலைகளோடு அங்கேயே தங்கிவிடுவேன். மின்சாரக் கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

அதற்கு முந்திய வருடம்தான் என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் அவள் கையில் போன் கிடைக்கும். வீட்டுக்காரர்கள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த பிறகு, நம் நேரப்படி பின்னேரம் மூன்றரை மணிக்கு, வீடியோவில் வருவாள். மொத்தம் இருபது நிமிடம். மற்ற ஆறு நாட்களை நான் தள்ளியதே அதற்காகத்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

என் போனோ கிழட்டுப் போன். சார்ஜரில் மாட்டியபடிதான் பேசலாம், கழற்றினால் கண்ணை மூடிவிடும். ஆகவே ஏறாவூரில் ஒரு கடையில் சோலார் தட்டு ஒன்றும் பாவித்த பற்றரி ஒன்றும் வாங்கினேன். கடைக்காரர் முஸ்லிம், என்னைவிட மூத்தவர், அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவேன். மனைவியோடு பேசத்தான் என்று சொன்னதும் அவரே கடதாசியில் படம் கீறி விளக்கினார். தட்டைத் தெற்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். பற்றரியை ஈர நிலத்தில் வைக்கக் கூடாது. முதலில் பற்றரி வயர், பிறகுதான் தட்டு வயர். ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று நானே பூட்டினேன். பல்ப் எரிந்தபோது, பார்க்க யாருமில்லாத வாடியில் தனியாக நின்று கை தட்டினேன்.

முதல் வெள்ளிக்கிழமை அவளுக்குத் தட்டைத்தான் காட்டினேன். பார்த்ததும், "சந்தனம் வைக்கலியா? புதுச் சாமான்தானே? நான் இல்லாட்டி வெள்ளிக்கிழமையில விளக்குக்கூட வைக்க மாட்டீங்க" என்று ஏசினாள். அந்த ஏச்சுக்கூட எனக்கு இனித்தது. வீட்டில் இருந்தவரை வெள்ளிக்கிழமைக் காரியங்கள் எல்லாம் அவள் கைதான். அடுத்த வெள்ளி காலையில் முழுகிவிட்டு, தட்டில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, கீழ் விளிம்பு நெடுகிலும் தட்டின்மேல் படியும்படி வேப்பிலைத் தோரணம் கட்டினேன். அவள் பக்கத்தில் நிற்பது மாதிரி இருந்தது.

அன்று ஐந்து நிமிடத்தில் படம் நின்றுபோனது. அதற்கடுத்த வெள்ளியும் காலையில் புதுத் தோரணம் கட்டினேன், அன்றும் அப்படித்தான். "இஞ்ச பாருங்க, உங்களிட்ட ஒண்டு கேக்கணும்" என்றாள். அதோடு போன் செத்துவிட்டது.

ஒரு வாரம் என் மண்டை வெடித்தது. என்ன கேட்க வந்தாள்? அங்கேயே இன்னும் இரண்டு வருடம் நிற்கட்டுமா என்றா? உடம்புக்கு ஏதாவதா? பொறுக்க முடியாமல் நேரே ஏறாவூருக்குப் போய், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போதே கத்தினேன்.

"செத்த பற்றரியத் தந்து ஏமாத்திட்டீங்க நானா! பாவம் பழி பாக்கமாட்டீங்களா?"

அவர் முகம் சிறுத்துப்போனதை நான் பார்த்தேன். ஆனாலும் நிதானமாகத்தான் கேட்டார். "மத்த நாளையில ஒழுங்கா வேலை செய்யுதா?"

"ஓம். வெள்ளிக்கிழமையிலதான் சதி செய்யுது."

"சரி தம்பி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய நான் வாறன்."

சொன்னபடியே வந்தார். தோணியில் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வாடிக்கு வந்து பற்றரியில் மீற்றரைப் பிடித்துப் பார்த்தார். ஏணியில் ஏறித் தட்டைப் பார்த்தார். எதையும் தொடாமல் இறங்கினார்.

"பற்றரியில பிழையில்ல தம்பி. மேல இலை கட்டியிருக்கீங்க. கீழ் வரிசையில நிழல் விழுந்தா முழுத் தட்டும் படுத்திரும். ராவு முழுக்கப் பல்ப் எரியிது, காலையில பற்றரி வெறுமையாத்தான் இருக்கும். பகலைக்கு ஏத்தினாத்தானே பின்னேரம் பேசலாம்?"

வெள்ளிதோறும் நான் கட்டுகிற இலை காய்ந்ததும் காற்று இரண்டு நாளில் அதைக் கொண்டுபோய்விடும். மற்ற நாட்களில் அது ஏன் ஒழுங்காக வேலை செய்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"அப்ப நீங்களே இழுத்து எறிஞ்சிருக்கலாமே நானா?" என்றேன்.

"அது நீங்க சாமிக்கு வெச்சது. நான் கை வைக்க ஏலா. நீங்களே எடுத்து நல்ல இடமாப் பாத்து வைங்க."

நான் ஏறித் தோரணத்தை அவிழ்த்தேன், சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தேன். கீழே நின்று மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏறுது, ஏறுது" என்று கத்தினார். அவருக்கு என்னைவிடச் சந்தோசம்.

மூன்றரைக்குப் போன் அடித்தது. மனைவி என்றதும் அவர் வெளியே போய்விட்டார். நிழலுக்கு அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது.

"அண்டைக்கு என்ன கேக்க வந்தாய்?" என்றேன்.

"ஒண்டுமில்ல. எனக்கு ஆத்தக் காட்டுவீங்களா? இங்க எங்க பாத்தாலும் சுவர்தான்."

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வயர் எட்டிய மட்டும் வாசலுக்கு வந்து போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "தோணியில முதுகைக் காட்டிட்டு இருக்கிறது ஆரு?" என்றாள்.

பார்த்தேன். தலையில் லேஞ்சித் துணியைப் போட்டுக்கொண்டு, கொதிக்கிற வெயிலில், எங்கள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் முன்னால் நான் ஏமாற்றுக்காரன் ஆக்கிய மனிதர்.

"நம்மட ஆள்தான்" என்றேன்.

இருபது நிமிடமும் பேசி முடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ சுகமா இருக்காவா தம்பி?"

மனைவி இன்னும் குவைத்தில்தான் இருக்கிறாள். என்றாவது அவள் வந்து இறங்கும் நாளில், வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இவர்தான் அன்று வெயிலில் இருந்தவர் என்று அவளுக்கு அவருடைய முகத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையோடுதான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையையும் கடக்கிறேன்.