காற்றுக் குழாயில் நான் கட்டிய கம்பி

என் மகன் ஓட்டுவது சொந்த வண்டியல்ல. திருப்பதியில் இருக்கும் ஓனருடையது. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. வேலை முடிந்தால் புத்தூரில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். பின்னால் இரும்பு ஸ்பிரிங் கிடையாது, ரப்பர் பையில் இருக்கும் காற்றுதான் பாரத்தைத் தாங்குகிறது என்று மகன் சொல்லியிருக்கிறான்.

ஒருநாள் காலையில் பார்த்தால் இடது பின்பக்கம் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. இஞ்சினைப் போட்டதும் எழுந்தது. நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. நான்கு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் ஓனர் போனில் கத்தினார். "பள்ளம் மேடு பாக்காம ஓட்டிக்கினு இருந்தா இப்படித்தான். வண்டிய ஷெட்ல வுட்டுட்டு சாவியக் குடுத்துட்டுப் போ."

மகன் முகம் செத்துவிட்டது. நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கும்மா?"

கதவைச் சாத்திக்கொண்டேன். போன அமாவாசையன்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டிக்குக் கட்டியிருந்தேன். முன்னால் தொங்கவிட்டால் அழகு கெடுகிறது என்று ஓனர் தடுத்திருந்தார். அதனால் யார் கண்ணிலும் படாமல் இடது பின்சக்கரத்துக்குப் பின்னால், ஒரு கறுப்புக் குழாயில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிவிட்டேன். அது காற்றுக் குழாய் என்று எனக்கு அப்போது தெரியாது; ஓனர் கத்தியபோதுதான் அந்தப் பக்கம் உட்கார்வதற்கு என் கம்பிதான் காரணமோ என்று தோன்றியது.

திருப்பதி ஷெட்டில் ஓனரும் இருந்தார். மெக்கானிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, "காத்து அடிக்கிற மோட்டார் போயிடுச்சு சார். மாத்திடணும்" என்றான்.

ரேஷன் கடையில்கூட நான் வாய் திறப்பதில்லை. மருமகளைத்தான் பேசவிடுவேன். அன்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போனேன்.

"மோட்டார அப்புறம் பாரு நைனா. மொதல்ல காத்து எங்க போவுதுன்னு பாரு."

"பெத்தம்மா எந்தக் காலேஜ்?" என்று தெலுங்கில் பெரியம்மா முறை வைத்து மெக்கானிக் சிரித்தான்.

"அஞ்சாவதுதான். எடது சக்கரத்துக்குப் பின்னாடி சோப்புத் தண்ணி ஊத்து."

"அங்கதான்னு எப்படித் தெரியும்?"

"நான்தான் அங்க கம்பி கட்டுனேன்."

நடந்ததை மூன்று ஆண்கள் எதிரில் சொல்லி முடித்தேன். பழமும் மிளகாயும் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தன. கம்பி மட்டும் இருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டதும் நுரை பொங்கியது.

"கம்பி தேச்சுத் தேச்சுக் குழாய அறுத்துக்கீது சார். போற காத்துக்கு ஈடு குடுத்துத்தான் மோட்டார் ஓயாம ஓடிக்கீது. மோட்டார் நல்லாத்தான் கீது."

அறுந்த இடத்தை வெட்டி எடுத்து இணைப்புப் போட்டான். மறுபடியும் சோப்புத் தண்ணீர் ஊற்றினான். ஒரு குமிழிகூட வரவில்லை. மோட்டார் ஆறியதும் இஞ்சினைப் போட்டார்கள். வண்டி எழுந்தது. சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே கையை வைத்து அளந்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரம் கழித்தும் அதே அளவுதான்.

"ஏம்பா, இதச் சொல்லாம நீ ஏன் திட்டு வாங்கிக்கினு இருந்த?" என்று ஓனர் என் மகனைக் கேட்டார்.

"எனக்கே இப்பத்தான் சார் தெரியும்."

சாவி மகன் கைக்கு வந்தது. "காலைல ஏர்போர்ட்டு. லேட் பண்ணாத."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வடமாலப்பேட்டை தாண்டினோம். மகன், "சொல்லாம இருந்திருந்தா உன்னை யாரும் கண்டுபுடிச்சிருக்க மாட்டாங்க" என்றான்.

"உன்னைத்தானே கண்டுபுடிச்சு வச்சிருந்தாங்க" என்றேன்.