சீனத்துக் காரமும் திருப்பூர் நாக்கும்

ஓட்டலில் ஆர்டர் எடுக்கிறவளுக்கு வாய்தான் முதலீடு. அதிலும் சீனத்துக் காரக் கடையில் ஆர்டர் எடுக்கிறவளுக்குக் கொஞ்சம் டாக்டர் வேலை, கொஞ்சம் வக்கீல் வேலை, கொஞ்சம் பஞ்சாயத்து வேலையும் தெரிந்திருக்க வேண்டும். மேசைக்கு மேசை நின்று "என்ன சாப்பிடறீங்க" என்று கேட்டே கால் வீங்கிப்போன என் இனத்து மக்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நான் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வரும் பனியனில் குறை பார்க்கும் பீஸ் செக்கிங் வேலை பார்த்தவள். எங்கள் தெருக் கார்த்தி அண்ணன் நிட்டிங் மிஷின் வாங்கச் சீனாவுக்குப் போய்வந்த பழக்கத்தில், சிச்சுவான் பக்கத்துப் பெண் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்துவிட்டார். பெயர் மெய். நிஜமாகவே அதுதான் பெயர், எனக்கு அக்கா. இருவரும் அண்ணனுடைய அப்பாவின் பழைய கட்டிங் ஹாலில் கடை போட்டார்கள், ஆர்டர் எடுக்க நான் வந்து சேர்ந்தேன். கோபி மஞ்சூரியன் எல்லாம் கிடையாது. அக்காவின் ஊரில் எப்படிச் சமைப்பார்களோ அப்படியே, அதே காரத்தோடு. பத்து அடி தள்ளி நின்றாலும் தும்மல் வரும். ஆனால் ஒருதரம் சாப்பிட்டால் மறுநாள் நாக்கு அதையே கேட்கும், சத்தியம்.

அக்காவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஊர் என்பதால் எல்லாருக்கும், எல்லாவற்றுக்கும் மரியாதைதான். கேஸ் தீர்ந்தால் "அடுப்பு அணைஞ்சுட்டாருங்க" என்பார்.

ஒரே ஒரு கவலைதான். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அக்காவின் மாமனார் சென்னியப்பன். மருமகள் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, நேரில் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. தீபாவளிக்குள் கடை சரியாக ஓடவில்லை என்றால் ஹாலை நூல் குடோனுக்கு விட்டுவிடுவதாக மகனிடம் சொல்லிவிட்டார். அப்படி ஆகிவிட்டால் அக்காவுக்கு அடுப்படி போய்விடும், நான் பழையபடி பீஸ் செக்கிங்குக்குப் போக வேண்டியதுதான். அதனால் யார் உள்ளே வந்தாலும் அக்கா சமையல்கட்டுக் கதவு வழியாக எட்டிப் பார்ப்பார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும்.

வாய் கோணவில்லை

அக்கா சமையலில் ஒரு காட்டு மிளகு போடுவார். அது உறைக்காது, நாக்கையும் உதட்டையும் மதமதவென்று மரத்துப்போக வைக்கும். அப்போதுதான் மிளகாயை இன்னும் தைரியமாகச் சாப்பிடலாமாம். "மிளகாய் அடிப்பாருங்க, இவர் தடவிக் கொடுப்பாருங்க" என்பது அக்காவின் விளக்கம். இதை வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது என் வேலை. சாமளாபுரத்தில் தறி ஓட்டும் ஒருவர் குடும்பத்தோடு வந்த அன்றைக்குக் கூட்டத்தில் மறந்து தொலைத்துவிட்டேன்.

மனிதர் மிளகாய்க் கோழியில் பாதி சாப்பிட்டவர், திடீரென்று கையை நிறுத்தி உதட்டைக் கிள்ளிப் பார்த்தார். பக்கவாதம் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, மனைவியிடம் காரை எடுக்கச் சொன்னார். அந்தம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஓடிப்போய்க் கை கழுவும் இடத்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, மிளகின் குணத்தைச் சொன்னேன். இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பில் காசு போவதற்கு மட்டும் அல்ல, அடி வாங்கவும் தயாராகத்தான் நின்றேன். இவர்களை மேலும் கலவரப்படுத்த வேண்டாம் என்று தட்டை எடுக்கப் போனபோது அவர் சொன்னது:

"வாய் கோணுலீன்னா சரிங்க. அந்தத் தட்ட எதுக்கு எடுக்கறீங்க, அது இன்னும் முடியிலீங்களே."

சாம்பிள் பாஸ்

எங்கள் ஊரில் யாரும் எதையும் எடுத்தவுடன் வாங்க மாட்டார்கள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய கும்பலே வந்து உட்கார்ந்தது. மேனேஜர் மெனு கார்டைப் படித்துவிட்டு, "அம்மைத் தழும்புக் கிழவி தோஃபு" என்ற பெயரில் நின்றார். பயப்படாதீர்கள், சோயாப் பாலில் செய்த பன்னீர் மாதிரியான சாமான்தான் அது. காரக் குழம்பில் மிதக்கும். அதை முதலில் சமைத்த அம்மாவுக்கு முகத்தில் தழும்பு இருந்ததாம், பெயரை அக்கா அப்படியே தமிழில் எழுதிவிட்டார். மேனேஜர் சாம்பிளுக்கு ஒரே ஒரு கிண்ணம் கேட்டார். ஆளுக்கு ஒரு ஸ்பூன் ருசி பார்த்தார்கள். அப்ரூவல் ஆனது. பிறகு மேசை முழுக்க பல்க் ஆர்டர்.

பல்க் வந்ததும் சாயம் பார்க்கும் டையிங் செக்‌ஷன் ஆள் ஒருவர் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாம்பிளில் இருந்த சிவப்பு இதில் இல்லை, ஒரு ஷேடு கம்மி என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. சாப்பிட வந்த இடத்திலுமா செக்கிங்? உள்ளே போய்ச் சொன்னால், அக்காவுக்குக் கோபமே வரவில்லை, குதித்துக்கொண்டு வெளியே வந்தார். எண்ணெய்ச் சட்டி மாறியது உண்மைதானாம், முதல் சட்டி தீர்ந்து அடுத்ததை எடுத்தாராம், அதில் மிளகாய் வேறு மூட்டையாம். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடித்த முதல் ஆள் நீங்கள்தான் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் ஒரு வாய் எடுத்துச் சப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"ஷேடு மாறுனாலும் பரவால்லீங்க, காரம் டாலரன்ஸுக்குள்ளதான் இருக்குது."

தண்ணீரில் வெந்த மீன்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தையல் வேலை பார்க்கும் புருசனும் பொண்டாட்டியும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தார்கள். புருசனுக்கு வயிறு சரியில்லை. கார்டில் "தண்ணீரில் வெந்த மீன்" என்று இருந்ததைப் பார்த்து, பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கும் என்று அதைச் சொல்லிவிட்டார். அந்த மேசை என்னுடையது இல்லை, கார்த்தி அண்ணன் பார்த்தது. என்னுடையதாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன்.

சட்டி வந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குச் சிவப்பு எண்ணெய், அதில் கைநிறைய வற்றல். மீன் எங்கோ அடியில் வெள்ளை வெளேரென்று, பூப்போல. அந்த மீனை மெச்ச எனக்கு வார்த்தை போதாது, நாக்கில் வைத்தால் தானாக உதிரும். இது வேற மேசைக்குப் போக வேண்டியதோ என்று புருசன் கேட்டார். அவர் மனைவி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். இன்னொரு துண்டு. பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு புருசனிடம் சொன்னார்:

"வயிறு சரியில்லாத ஆளு இதத் தொடப்பிடாது. நீங்க மோரக் குடிங்க, மீன நான் பாத்துக்கிடுதேன்."

புரட்டாசிச் சனிக்கிழமை

அந்தப் புரட்டாசியில் கறி தின்கிறவர்கள் யாரும் வரவில்லை, கடை காற்று வாங்கியது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் பெரியவர் சென்னியப்பன் நூல் வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வியாபாரி டேப்பை எடுத்து ஹாலை அளக்க ஆரம்பித்தார். அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அளந்து முடிப்பதற்குள் வியாபாரிக்குப் பசி வந்துவிட்டது. உள்ளிருந்து வந்த பூண்டு வாசத்துக்கு யாருக்குத்தான் வராது? சைவத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பெரியவரால் தட்ட முடியவில்லை, அவரும் உட்கார்ந்தார்.

அக்கா சோறும் கத்திரிக்காயும் கொடுத்தனுப்பினார். நான் கொண்டுபோய் வைத்துவிட்டு, பழக்க தோசத்தில் பெயரைச் சொல்லித் தொலைத்தேன்: மீன் மணக் கத்திரிக்காய். பெரியவர் எழுந்துவிட்டார். சனிக்கிழமையும் அதுவுமாக எனக்கு மீனா என்று கேட்டார். என் வாயாலேயே கடையை மூடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அக்கா கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். மாமனாரிடம் முதல்தடவையாகப் பேசினார். "மாமாங்க, மீன் இல்லீங்க. மீன் கொழம்புக்குப் போடற இஞ்சி, பூண்டு, ஊறுகா மிளகாய கத்திரிக்காய்க்குப் போட்டேனுங்க. பேருல மட்டும்தான் மீனுங்க."

பெரியவர் தட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். வியாபாரியும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பெரியவர், "முட்டக்கோசுக்குள்ள முட்டையா இருக்குது? உக்காருங்க" என்றார்.

அப்புறம் சாப்பிட்டார் பாருங்கள். புளிப்பும் இனிப்பும் காரமும் ஒன்றாக ஏற, துண்டால் தலையைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். கத்திரிக்காய் தீர்ந்தும் தட்டை வழித்தார். அக்கா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார். வியாபாரி கை கழுவிவிட்டு வந்து, எப்போது சாவி தருகிறீர்கள் என்று கேட்டார். பெரியவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே வியாபாரிக்கும் மருமகளுக்கும் சேர்த்துப் பேசினார்:

"நூலு வெக்க ஊருக்குள்ள எத்தனையோ எடம் இருக்குதுங்க, வேற பாருங்க. கண்ணு, இன்னுங் கொஞ்சம் சோறு போடு."

இத்தனை நாள் ஆர்டர் எடுத்ததில் நான் கண்டது ஒன்றுதான்: எங்கள் ஊர்க்காரர்கள் எந்தக் காரத்தையும் தாங்கிவிடுவார்கள், மெனு கார்டைத்தான் தாங்க மாட்டார்கள்.